வாழைக்காய் மாவு அல்சர் மருந்தாகுமா?

மூலிகைப் பக்கம் - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: "எங்களுக்கு ஒன்றரை ஏக்கரில் மொந்தன் வாழை இருக்கிறது. தார் விலை விழும்போதெல்லாம் காயைச் சீவிக் காயவைத்து, மாவாக அரைத்து மகளிர் குழு மூலம் விற்கிறோம். 'பாக்கெட் மேல அல்சரைக் குணமாக்கும்னு அச்சடிங்க, ரெண்டு மடங்கு விலைக்கு எடுத்துக்கிறேன்' என்கிறார் ஒரு வியாபாரி. எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்து விஞ்ஞானிகளே நிரூபித்திருக்கிறார்கள் என்றும் சொல்கிறார். இது உண்மையா? என் வீட்டுக்காரர் இரண்டு வருடமாக அல்சர் மாத்திரை சாப்பிடுகிறார். அதை விட்டுவிட்டு எங்கள் மாவையே கஞ்சியாகக் கொடுக்கலாமா?"
- ஒரு வாசகி, தொட்டியம், திருச்சி மாவட்டம்.

பதில்: எலிச் சோதனை நடந்தது உண்மை. அதில் நல்ல பலன் தெரிந்ததும் உண்மை. ஆனால், அதைக் காட்டி பாக்கெட்டில் 'அல்சரைக் குணமாக்கும்' என்று அச்சிடுவது சட்டப்படி குற்றம். மாத்திரையை நிறுத்திவிட்டு மாவை மட்டும் கொடுப்பது கணவரின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மாவை உணவாக விற்கலாம். வீட்டிலும் தாராளமாகச் சாப்பிடலாம்.

ஒரே மாவு உணவு என்றால் சரி, மருந்து என்றால் தவறு என்பது பலருக்கும் முரணாகத் தோன்றும். ஒரு செடியின் சாறு எப்படிச் சோதிக்கப்படுகிறது, எந்தப் படியில் எது நிரூபணமாகிறது என்று தெரிந்துகொண்டால் அந்தக் குழப்பம் தீரும். மூலிகை பயிரிடும் விவசாயிகள், மதிப்புக்கூட்டும் குழுக்கள், வீட்டில் வயிற்றுவலிக்காரர் இருக்கும் குடும்பங்கள் என எல்லோருக்கும் இது பயன்படும்.

புண் எப்படி வருகிறது?

இரைப்பையில் சுரக்கும் அமிலம் கடுமையானது. அந்த அமிலம் இரைப்பையின் சுவரையே அரித்துவிடாமல், வழவழப்பான ஒரு சளிப்படலம் உள்பக்கம் முழுவதும் பூசினாற்போல் இருக்கிறது. வரப்பு பலமாக இருக்கும்வரை வாய்க்கால் தண்ணீர் வயலுக்குள் பாயாது. வரப்பில் நண்டு வளை போட்டால் உடைப்பு எடுக்கும். அதுபோல, படலம் பலவீனப்பட்ட இடத்தில் அமிலம் சுவரைத் தின்று புண்ணாக்குகிறது. இரைப்பையில் வந்தால் இரைப்பைப் புண், அதை அடுத்த முன்சிறுகுடலில் வந்தால் குடல் புண். ஊரில் இரண்டையும் சேர்த்து 'அல்சர்' என்கிறோம்.

காரம், கவலை, நேரம் தவறிச் சாப்பிடுவது ஆகியவையே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1982-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள், இரைப்பையில் வாழும் ஒரு பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். பின்னாளில் அதற்கு 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என்று பெயர் வந்தது. யாரும் நம்பாததால், 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாள்களில் இரைப்பை அழற்சிக்கு ஆளாகி, தன் கருத்துக்குத் தன் வயிற்றையே சாட்சியாக்கினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அல்சருக்கு இரண்டாவது பெரிய காரணம், வலி மாத்திரைகள். நாற்று நட்டு இடுப்பு வலி, மூட்டை தூக்கித் தோள் வலி என்று கடையில் வாங்கி வெறும் வயிற்றில் போடும் ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் போன்றவை, வரப்புக்கு மண் போடும் வேலையையே நிறுத்திவிடுகின்றன. சளிப்படலத்தைப் புதுப்பிக்கும் பொருள் உடலில் சுரப்பதை இந்த மாத்திரைகள் தடுக்கின்றன.

ஆகவே, 'அல்சருக்கு மருந்து' என்று சொல்லும்போது, எந்த அல்சருக்கு என்ற கேள்வி முதலில் வரும். கிருமியால் வந்த புண்ணுக்குக் கிருமியை ஒழிக்க வேண்டும். வலி மாத்திரையால் வந்த புண்ணுக்கு அந்த மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு நிறுத்தவோ மாற்றவோ வேண்டும். அமிலத்தை மட்டும் குறைத்தால் எரிச்சல் அடங்கும். காரணம் அப்படியே இருந்தால் புண் மறுபடியும் வரும்.

பாத்தி பிரித்துச் சோதிப்பது போல…

ஆய்வகத்தில் மூலிகைச் சோதனை நடக்கும் விதம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. புதிய ரகத்தையோ உரத்தையோ சோதிக்கும்போது வயலைப் பாத்திகளாகப் பிரிக்கிறோம். ஒரு பாத்திக்கு எதுவும் போடாமல் விடுகிறோம். இன்னொன்றுக்கு வழக்கமான உரம், மற்றவற்றுக்குப் புதிய உரத்தை வெவ்வேறு அளவில் இடுகிறோம். ஒரே பாத்தியை வைத்து முடிவு சொல்லாமல், பல பாத்திகளில் திரும்பச் செய்து சராசரி பார்க்கிறோம்.

எலிச் சோதனையும் இதேதான். பெரும்பாலும் குழுவுக்கு ஆறு எலிகள். ஒரு குழுவுக்கு வெறும் தண்ணீர். ஒரு குழுவுக்கு ஒமிப்ரசோல், ரனிடிடின் போன்ற அறியப்பட்ட மருந்து. மற்ற குழுக்களுக்கு மூலிகைச் சாறு, இரண்டு மூன்று அளவுகளில். விலங்குகளை வைத்துச் செய்யும் எந்தச் சோதனைக்கும் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு முன்அனுமதி தர வேண்டும்.

எலிக்குத் தானாக அல்சர் வரும்வரை காத்திருக்க முடியாது. அதனால் வரவைக்கிறார்கள். பட்டினி போட்டு ஆஸ்பிரின் அல்லது இண்டோமெத்தசின் கொடுப்பது ஒரு முறை. சாராயம் கொடுத்துப் படலத்தைச் சிதைப்பது இன்னொரு முறை. குளிரில் அசையவிடாமல் வைத்து அதிர்ச்சியால் புண் வரவைப்பதும் உண்டு. இரைப்பையின் வெளிவாயைக் கட்டி, அமிலம் உள்ளேயே தேங்கும்படி செய்யும் முறையை 1945-ல் ஷே என்ற அமெரிக்க மருத்துவரின் குழு உருவாக்கியது. இன்றும் அது பயன்பாட்டில் இருக்கிறது. கடைசியில் இரைப்பையைத் திறந்து, புண்களை எண்ணி, அளந்து மதிப்பெண் போடுகிறார்கள். தண்ணீர் மட்டும் குடித்த குழுவைவிட எத்தனை சதவிகிதம் குறைவு என்பதே 'பலன்'.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பல ஆய்வுகளில் மூலிகைச் சாற்றை முதலில் கொடுத்துவிட்டு, அதன் பிறகே புண் வரவைக்கிறார்கள். இது நோய் வருமுன் தெளிக்கும் தடுப்பு மருந்து போன்றது. ஆனால், மருந்து தேடி வருபவருக்கு ஏற்கெனவே புண் இருக்கிறது. குலைநோய் தாக்கிய பயிருக்கு விதைநேர்த்தி மருந்து உதவாது. ஆகவே, 'தடுத்தது' என்று முடியும் ஆய்வை 'ஆற்றியது' என்று படிக்கக் கூடாது. புண் வந்த பிறகு சாற்றைக் கொடுத்து, அது ஆறும் வேகத்தைப் பார்க்கும் சோதனை தனியாகச் செய்யப்பட வேண்டும்.

வாழைக்காயில் என்ன கண்டார்கள்?

இந்த இரண்டு சோதனைகளுமே வாழைக்காயில் நடந்திருக்கின்றன. வாழைக்காய்க்கும் வயிற்றுப்புண்ணுக்கும் உள்ள தொடர்பை இந்திய ஆய்வாளர்கள் 1960-களிலேயே சோதிக்கத் தொடங்கினார்கள். 1984-ல் இங்கிலாந்தின் மருந்தியல் இதழ் ஒன்றில் வந்த ஆய்வு முக்கியமானது. பழுக்காத வாழைக்காயை உலர்த்தி அரைத்த தூள், எலிகளில் ஆஸ்பிரினால் வரும் புண்ணைத் தடுத்தது. வந்துவிட்ட புண்ணையும் ஆற்றியது. ஒப்பிட்டுப் பார்த்த சிமெடிடின் முதலான மருந்துகள் புண் வராமல் காத்தாலும், வந்த புண்ணை ஆற்றுவதில் வாழைக்காய்த் தூள் அளவுக்குத் திறன் காட்டவில்லை. இரைப்பையின் உள்சுவர் வளர்வதைத் தூள் தூண்டுகிறது என்பது அவர்கள் கண்ட காரணம். அதாவது, தண்ணீரைக் குறைக்காமல் வரப்பை உயர்த்துகிறது.

1986-ல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், வாழைக்காய்த் தூள் இரைப்பைச் சுவரின் எதிர்ப்புத் திறனைக் கூட்டுவதைப் பதிவு செய்தார்கள். 1999-ல் வந்த இன்னோர் ஆய்வு, ஆஸ்பிரின் அரிப்பிலிருந்து காக்கும் பொருள்களில் ஒன்று 'லூகோசயனிடின்' என்று அடையாளம் காட்டியது.

மனிதர்களிடமும் ஒரு சிறிய ஆய்வு இந்தியாவில் நடந்து, 1990-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. வாழைக்காய்த் தூளைக் கேப்சூலாகச் சாப்பிட்டவர்களில் பலருக்கு வயிற்று உபாதை குறைந்தது. ஆனால், அவர்கள் அல்சர் நோயாளிகள் அல்ல. புண் இல்லாமலே செரிமானத் தொந்தரவு இருந்தவர்கள். வியாபாரி சொல்லாமல் விட்ட இடம் இதுதான்.

இன்னொன்று, ரகம். வெளிநாட்டு ஆய்வுகளில் 'பிளான்டெய்ன்' என்று குறிப்பிடப்படும் வகைக்கு நம் ஊர் ரகங்களில் நெருக்கமானது நேந்திரன். மொந்தன் மரபு வழியில் வேறு பிரிவு. இரண்டும் சமையல் காய்தான். அதற்காக உள்ளிருக்கும் பொருள்களின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. காய் முதிர்ச்சியும் அப்படித்தான். பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையாகிறது, துவர்ப்பு குறைகிறது. பழுக்காத காயில் கிடைத்த முடிவைப் பழத்துக்குச் சொல்ல முடியாது. ஒரு ரகத்தின் முடிவை, சோதிக்காத இன்னொரு ரகத்துக்குச் சொல்வதும் சரியல்ல.

எலிக்கும் மனிதனுக்கும் நடுவில்

எலியில் பலன் தெரிந்ததும் அடுத்த படி, அளவு. ஒரு சாறு எலிக்கு, எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் கொடுத்தபோது வேலை செய்தது என்று வைத்துக்கொள்வோம். உடலின் பரப்பளவை வைத்து மனிதனுக்குக் கணக்கிடும்போது, அதை ஏறக்குறைய ஆறால் வகுக்கிறார்கள். கிலோவுக்குச் சுமார் 32 மில்லிகிராம் வரும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 2 கிராம். இது இலையோ பொடியோ அல்ல. சாற்றை வற்றவைத்து எடுத்த சாரம். 100 கிராம் உலர்ந்த பொடியிலிருந்து 10 கிராம் சாரம் கிடைக்குமானால், 2 கிராம் சாரத்துக்கு 20 கிராம் உலர்பொடி வேண்டும். ஒரு சிட்டிகைப் பொடியை மோரில் கலக்கிக் குடித்துவிட்டு, எலிக்குக் கிடைத்த பலனை எதிர்பார்க்க முடியாது. அளவைக் கண்டபடி கூட்டவும் முடியாது. ஏனென்றால், நஞ்சுத்தன்மை சோதனை என்று தனியாக ஒரு படி இருக்கிறது. குறுகிய காலத்தில் என்ன ஆகிறது, பல வாரம் தொடர்ந்து கொடுத்தால் கல்லீரல், சிறுநீரகம் எப்படி இருக்கின்றன என்று பார்த்த பிறகே மனிதர்களிடம் போக முடியும்.

சாற்றை எதில் எடுத்தார்கள் என்பதும் முக்கியம். தண்ணீரில் கரையும் பொருள் வேறு, சாராயத்தில் கரைவது வேறு. ஆய்வில் மெத்தனாலில் எடுத்த சாற்றுக்குக் கிடைத்த முடிவு, வீட்டுக் கஷாயத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. மெத்தனால் விஷம். ஆய்வகத்தில் அதை முழுவதும் வற்றவைத்த பிறகே சாரத்தைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் யாரும் முயலக் கூடாது.

மனிதர்களிடம் நடக்கும் சோதனையில் இன்னொரு சிக்கல் உண்டு. எந்த மருந்தும் தராமலே, கணிசமானவர்களுக்கு அல்சர் சில வாரங்களில் தானாகவே ஆறுவதுண்டு. பிறகு திரும்பவும் வரும். பூச்சிமருந்து அடித்த மறுநாள் பெருமழை பெய்து அசுவினி அடித்துச் செல்லப்பட்டால், பாராட்டு மருந்துக்குப் போகும். 'எங்க பெரியப்பாவுக்கு இந்தப் பொடியாலதான் ஆறிச்சு' என்பதும் அப்படி இருக்கலாம். உண்மையிலேயே பொடியாலும் இருக்கலாம். இரண்டில் எது என்று பிரித்துச் சொல்லத்தான் ஒப்பீட்டுக் குழு வேண்டும். யாருக்கு எது தரப்பட்டது என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் வைத்து, எண்டோஸ்கோப்பியில் புண்ணைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். இந்தியாவில் இத்தகைய மனிதச் சோதனைகளை மத்திய அரசின் மருத்துவச் சோதனைப் பதிவகத்தில் பதிவு செய்வது 2009 முதல் கட்டாயம்.

அதிமதுரம் சொல்லும் பாடம்

மூலிகை உண்மையிலேயே வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதிமதுரம் நல்ல சான்று. 1946-ல் ரெவர்ஸ் என்ற டச்சு மருத்துவர், அதிமதுரச் சாறு அல்சர் நோயாளிகளுக்குக் குணம் தருவதைப் பதிவு செய்தார். கூடவே, அவர்களில் சிலருக்கு முகம், கால் வீங்குவதையும் கண்டார். அதிமதுரத்தின் வேதிப்பொருளிலிருந்து 'கார்பெனாக்சோலோன்' என்ற மருந்து உருவாகி, 1960-களில் இங்கிலாந்தில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒப்பீட்டுக் குழு வைத்த சோதனையிலும் இரைப்பைப் புண்ணை ஆற்றியது.

ஆனால், அந்த வீக்கம் சும்மா வந்ததல்ல. அதிமதுரத்தின் அந்தப் பொருள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. 1976-ல் சிமெடிடின் விற்பனைக்கு வந்தது. பிறகு ஒமிப்ரசோல் வகை மருந்துகள் வந்தன. கார்பெனாக்சோலோன் ஒதுங்கிப்போனது.

'மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது' என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உடலில் ஒரு வேலையைச் செய்யும் பொருள், இன்னொரு வேலையையும் செய்யக்கூடும். எந்த வேலை, எந்த அளவில் என்று கண்டுபிடிப்பதுதான் சோதனை.

பாக்கெட்டில் எதை அச்சிடலாம்?

மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954-ல் வந்தது. எந்தெந்த நோய்களுக்குக் குணம் தரும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என ஒரு பட்டியலே அதில் இருக்கிறது. இரைப்பை, குடல் புண் அந்தப் பட்டியலில் உண்டு. 'விளம்பரம்' என்பதில் துண்டறிக்கை, லேபிள், பாக்கெட் உறை எல்லாமே அடங்கும். முதல் முறை குற்றம் உறுதியானால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அச்சடிக்கச் சொன்ன வியாபாரியின் பெயர் பாக்கெட்டில் இருக்காது. தயாரித்த குழுவின் பெயர்தான் இருக்கும். மாட்டிக்கொள்வதும் அவர்களே.

சித்த மருந்தாகவே விற்க வேண்டுமானால், 1940-ம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி தயாரிப்பு உரிமம் வாங்க வேண்டும். உணவாக விற்க, உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு போதும். உணவுப் பொருளில் 'நோயைக் குணமாக்கும்' என்று எழுதுவதை அந்தத் துறையின் விதிகளும் தடுக்கின்றன. 'வாழைக்காய் மாவு, கஞ்சி, தோசை, அடை செய்ய ஏற்றது, ரகம்: மொந்தன், தயாரித்த தேதி, எடை, விலை, பயன்படுத்தும் காலம், தயாரித்தவர் முகவரி, பதிவு எண்' என்று எழுதலாம். நேர்மையாக விற்கும் பொருளுக்கு இதுவே நல்ல விளம்பரம்.

சோதனை வயலில் தொடங்குகிறது

குணமாக்கும் என்று சொல்வது விவசாயியின் வேலை அல்ல. ஆனால், தரமான மூலப்பொருள் தருவது அவர் கையில்தான் இருக்கிறது. ஒரே மூலிகையை இரண்டு ஆய்வகங்கள் சோதித்து, இரண்டு முடிவு வருவது சாதாரணம். காரணம் பெரும்பாலும் எலியில் இல்லை, செடியில் இருக்கிறது. தவறான இனம், வேறு பாகம், பருவம் தப்பிய அறுவடை, கொதிக்கும் வெயிலில் காயவைத்தது, பூசணம் பிடித்தது, பூச்சிமருந்து எச்சம் என எத்தனையோ உண்டு.

வாழைக்காய் மாவு தயாரிப்போர் கவனிக்க வேண்டியவை:

* முக்கால் பங்குக்கு மேல் முதிர்ந்த, ஆனால் பழுக்கத் தொடங்காத காய்களாக வெட்ட வேண்டும். ஒரு கொதியில் ஒரே ரகம் மட்டும். நேந்திரனையும் மொந்தனையும் கலக்கக் கூடாது.
* தோல் சீவியதும் 3 முதல் 4 மில்லிமீட்டர் கனத்தில் வில்லைகளாக்கி, உடனே சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரிலோ மோரிலோ சிறிது நேரம் போட்டெடுத்தால் கறுக்காது. இரும்புக் கத்தியைவிட துருப்பிடிக்காத எஃகுக் கத்தி நல்லது.
* சூரிய உலர்த்தி அல்லது மின் உலர்த்தியில் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில், வில்லை 'படக்'கென்று ஒடியும்வரை காயவைக்க வேண்டும். ஈரம் இருந்தால் பூசணம் வரும். பூசண நஞ்சு கல்லீரலைப் பாதிக்கும்.
* 10 கிலோ காயிலிருந்து ஒன்றரை முதல் 2 கிலோ மாவு எதிர்பார்க்கலாம். விலை நிர்ணயிக்கும்போது தோல், ஈரம் போன கழிவைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.
* ஒவ்வொரு கொதிக்கும் தார் வெட்டிய நாள், வயல், கடைசியாக மருந்து தெளித்த நாள், காயவைத்த நாள்கள் ஆகியவற்றை நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மருந்து நிறுவனமோ ஆய்வு நிறுவனமோ பின்னாளில் மூலப்பொருள் கேட்டால், அந்த நோட்டுதான் விலை பேசும்.

திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம், வாழையில் மதிப்புக்கூட்டுதல் பற்றிப் பயிற்சி தருகிறது. தொட்டியத்திலிருந்து போய்வரும் தூரம்தான்.

கணவரின் மாத்திரை

வாசகியின் கேள்வியில் அவசரமானது இது. 'இரண்டு வருடமாக மாத்திரை' என்பதே விசாரிக்க வேண்டிய விஷயம். ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா என்று சோதித்தார்களா, எண்டோஸ்கோப்பி செய்தார்களா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். மூச்சு, மலம் ஆகியவற்றின் மூலமும் அந்தக் கிருமியைக் கண்டறியலாம். கிருமி இருந்தால் மூன்று நான்கு மருந்துகளைச் சேர்த்துப் பெரும்பாலும் 14 நாள்கள் தருவார்கள். நாலு நாளில் வலி நின்றதும் நிறுத்திவிடக் கூடாது. அரைகுறை அளவில் பூச்சிமருந்து அடித்தால் பூச்சிக்கு எதிர்ப்புசக்தி வருவது போல, அரைகுறை மருந்தில் கிருமியும் பழகிவிடும். கிருமி ஒழிந்தால், வருடக்கணக்கில் மாத்திரை விழுங்கும் தேவையே பலருக்கு இல்லாமல் போகலாம்.

கடையில் அவ்வப்போது வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் அவருக்கு இருந்தால், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புகை, சாராயம் இரண்டும் புண்ணை ஆறவிடாது.

தார் போலக் கறுத்த மலம், ரத்த வாந்தி, காபித்தூள் போன்ற வாந்தி, திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்க முடியாமை ஆகிய எதுவானாலும் கஞ்சியோ கஷாயமோ காய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாத்திரையோடு சேர்த்து வாழைக்காய் மாவுக் கஞ்சியும் குடிப்பதில் தடையில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும், வாழையில் பொட்டாசியம் அதிகம் என்பதால், மருத்துவரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும்.

மற்ற வாசகர்களின் கேள்விகள்

மணத்தக்காளிக் கீரை தினமும் சாப்பிட்டால் அல்சர் ஆறுமா?
- ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்.

2006-ல் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் ஆய்வு, எலிகளில் பல வகைப் புண்களுக்கு மணத்தக்காளியைச் சோதித்து, அமிலச் சுரப்பு குறைவதைக் கண்டது. ஆனால், அவர்கள் சோதித்தது பழத்தின் சாரத்தை. நாம் கடைந்து சாப்பிடுவது கீரையை. வாய்ப்புண்ணுக்கும் வயிற்றுக்கும் இதமான உணவு என்ற முறையில் கீரையைச் சாப்பிடலாம். பச்சைக் காயைப் பச்சையாகத் தின்னக் கூடாது. அதில் நச்சுப்பொருள் இருக்கிறது. கறுப்புப் பழம், சிவப்புப் பழம் என்று இனங்களும் வேறு. விற்பவர்கள் கலக்காமல் தனித்தனியாக வைக்க வேண்டும்.

வேப்பம்பட்டைக் கஷாயம் குடித்தால் அல்சர் போகும் என்கிறார்கள். குடிக்கலாமா?
- ஒரு வாசகர், விருத்தாசலம்.

கொல்கத்தா ஆய்வாளர்கள் 2004-ல், வேப்பம்பட்டையின் நீர்ச்சாரத்தை உறைநிலையில் உலர்த்தி, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அமிலம் குறைந்தது, குடல் புண்ணும் ஆறியது. அவர்கள் கொடுத்தது வேளைக்கு 30 முதல் 60 மில்லிகிராம் சாரம். மருத்துவக் கண்காணிப்பில், ரத்தப் பரிசோதனையோடு. பங்கேற்றவர்களும் சிலரே. சட்டியில் காய்ச்சும் கஷாயத்தில் எவ்வளவு சாரம் இறங்குகிறது என்று அளக்க வழியில்லை. அதனால் தானாகக் காய்ச்சிக் குடிப்பது சரியல்ல. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அறவே கூடாது. சித்த மருத்துவம் பார்க்க விரும்புவோர், அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் பதிவு பெற்ற மருத்துவரிடம், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கையில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

எங்கள் பாட்டி காலத்திலிருந்து வயிற்றுவலிக்கு ஒரு கொடியைக் கொடுக்கிறோம். பெயர் தெரியவில்லை. இதைச் சோதிக்க யாரிடம் போவது?
- ஒரு வாசகி, கொல்லிமலை.

முதலில் செடியின் அடையாளம். பூ, காய், இலையோடு கூடிய கிளையைத் தாளுக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கோ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் உலர்தாவரக் காப்பகத்துக்கோ கொண்டுபோனால் தாவரப் பெயர் சொல்வார்கள். எந்த இடத்தில், எந்த மாதம் பறித்தது என்று கூடவே எழுதி வைக்க வேண்டும். பெயர் தெரிந்த பிறகே எந்தச் சோதனையும் தொடங்க முடியும்.

அடுத்து, அந்தப் பயன்பாட்டை ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, ஒவ்வோர் உள்ளாட்சியிலும் அதற்கான குழு இருக்க வேண்டும். நாளை யாராவது அந்தக் கொடியிலிருந்து மருந்து கண்டுபிடித்தால், அது உங்கள் ஊரின் அறிவு என்று காட்ட அந்தப் பதிவு உதவும். யாரோ வந்து கேட்டார்கள் என்று மூட்டை மூட்டையாகப் பறித்துக் கொடுத்துவிடக் கூடாது. வேரோடு பிடுங்கும் கொடியானால், வீட்டுக் கொல்லையில் நான்கு கொடி படரவிட்டு வைப்பது நல்லது. சோதிக்கும் நாள் வரும்போது செடி மிஞ்சியிருக்க வேண்டும்.